எனது சவாரிச் சோடி பிழையாகப் பிறந்தது பற்றி

மட்டுவில்,
ஞாயிறு காலை.

கொக்குவிலில் இருந்து கணினி விளையாட்டுச் செய்யும் அன்பு மருமகன் பிரணவன் அறிவது, மாமன் செல்வரட்ணம் எழுதுவது. அம்மன் அருளால் நானும் மாமியும் நல்ல சுகம். உமது சுகத்தையும் விசாரித்திருப்பேன், கோபம் விடவில்லை.

உமது மாட்டுவண்டிச் சவாரி விளையாட்டில் என் கறுவலையும் வெள்ளையனையும் சேர்க்கச் சம்மதித்தது என் புத்திகெட்ட வேலை. இன்று பின்னேரம் வாசிகசாலைத் திரையில் என் சோடிக்கும் சம்பந்தி தியாகலிங்கத்தாரின் சோடிக்கும் போட்டி. தோற்றவர், வென்ற மாடுகளின் படத்தைத் தன் வீட்டு விறாந்தையில் ஒரு வருடம் மாட்டிவைக்க வேண்டும் என்று பந்தயம். அந்த மனுசனின் மாடுகளின் முகத்தில் விழித்து நான் தேத்தண்ணி குடிப்பதா? அதனால்தான் நேற்று ஒத்திகை பார்க்கப் போனேன். கொடி விழுந்தது. அவருடைய சோடி ஓடியது. என்னுடையது மணியோசையுடன் மேலே போனது, வண்டியும் கூடவே போனது. அப்போதுதான் கவனித்தேன், இரண்டுக்கும் கால்களே இல்லை. சனம் கைதட்டியது.

நீர் அனுப்பிய பிள்ளை கீர்த்திகா மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தாள். "ஐயா, எல்லா மாட்டுக்கும் பொதுவா 'மாடு' எண்டொரு வகுப்பு, ஒரு அச்சு மாதிரி, நிரலிலை எழுதியிருக்கிறம். காலும் நிறையும் அதிலைதான் இருக்கு. உங்கடை சோடியை உருவாக்கேக்கை அதைக் கூப்பிட மறந்துபோனம். கொம்பும் மணியும் மட்டும்தான் வந்திருக்கு" என்றாள்.

"அப்ப கூப்பிடு பிள்ளை" என்றேன். கூப்பிட்டாள், ஆனால் கடைசியில் கூப்பிட்டாள். அந்தப் பொது வகுப்பு பின்னால் வந்து, நாங்கள் கொடுத்த நிறம், கொம்பு, பெயர் எல்லாவற்றையும் அழித்துத் தன்னுடையதை வைத்துவிட்டது. இரண்டும் மண்ணிறமாய் நிற்க, விளையாட்டுக்குள் இருந்த ஒலிபெருக்கி "செல்வரட்ணம் ஐயாவின் சோடி: மாடு, மாடு" என்று அறிவித்தது. மாமியும் சேர்ந்து சிரித்தாள், இதை நான் மறக்கமாட்டேன்.

"முதல்லை அதைக் கூப்பிட்டிட்டுப் பிறகு எங்கடையளை வைக்கவேணும் ஐயா. இப்ப சரிசெய்யிறன்" என்றாள். நான் விடுவேனா? திரும்பவும் மறந்துபோனால் என் மானம் என்னாவது? "ஒருக்கா காணாது பிள்ளை, உறுதிக்கு ரெண்டுதரம் கூப்பிடு" என்று பக்கத்தில் நின்று செய்வித்தேன். வேண்டாம் என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது உண்மைதான். தரத்துக்கு நாலாக, இப்போது கறுவலுக்கு எட்டுக் கால், வெள்ளையனுக்கும் எட்டு. பிள்ளை கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டது.

நான் நேர்மையான மனிதன். நாலு காலுடன் தோற்றாலும் தோற்பேனே தவிர, எட்டுக் காலுடன் வெல்லமாட்டேன். ஆகவே நீரே நேரில் வந்து, முதலில், ஒரேயொரு தரம் கூப்பிட்டு, என் மாடுகளை முறையாகப் பிறக்கச் செய்யவும். வராவிட்டால் மாமன் மருமகன் உறவு இன்றோடு சரி.

நீர் நோய்நொடி இல்லாமல், தொலைபேசி அடித்தால் எடுக்கும் பிள்ளையாக நெடுநாள் வாழ அம்மனை வேண்டும்,
மாமன்,
செல்வரட்ணம்.

பி.கு.: கடிதத்தைக் கொண்டுவர வேண்டிய ஓட்டோ பிரகாஸ் இன்னும் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று. போட்டி முடிந்துவிட்டது, பதினாறு காலாலும் ஓடி வென்றுவிட்டோம். ஒன்றிலும் கை வைக்கவேண்டாம். சம்பந்தி விசாரித்தால், மட்டுவில் மாடுகளுக்குப் பிறவியிலேயே எட்டுத்தான் என்று சொல்லவும். அவருடைய விறாந்தைச் சுவர் நல்ல அகலம். எல்லாக் காலும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய படம் அச்சடித்து உடனே அனுப்பவும்.