மழைச் சம்பளமும் மசால் வடையும்

ஈப்போ பக்கத்துச் செமோரில், பழைய ரப்பர்த் தோட்டத்தில் அரசாங்கம் கட்டப்போகும் மண்டபத்துக்கு டெண்டர் போட உட்கார்ந்த குத்தகையாளர் பஞ்சலிங்கத்தை ஒரு நிபந்தனை மறித்தது. யார் எடுத்தாலும் தொழிலாளர் சங்கம் சொல்லும் சம்பளம்தான். மற்ற வசதிகளைப் பிறகு சங்கத்தோடு பேசிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வேலையும் இல்லை.

மனிதர் இதுவரை வென்றதெல்லாம் சம்பளத்தைக் குறைத்துத்தான். இனி எதைக் குறைப்பார்? ரெண்டு வருஷமாகக் கையில் வேலை வேறு இல்லை. போதாததற்கு, மண்டப வேலை கிடைத்துவிட்டதாக மனைவி அம்பிகையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அம்பிகை எங்கள் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

"விலையில ஜெயிக்க முடியலன்னா, போட்டிக்கே ஆள் இல்லாமப் பண்ணிடலாம்," என்று இப்ராஹிம் பாயின் தேத்தண்ணிக் கடைக்குக் கிளம்பினார். அங்கே இன்னொரு குத்தகையாளர் கனகராஜ் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், சங்கம் அந்த ஒப்பந்தத்துல என்ன கேக்கப் போகுதுன்னு தெரியுமா? மழை பெஞ்சா வேலை கிடையாது. சம்பளம் மட்டும் முழுசு."

"ஈப்போ மழைக்கா?" கனகராஜின் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"ரெண்டு வேளை தேத்தண்ணி. வடையோட."

மேஜை துடைத்துக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார். "என்ன வடைண்ணே?"

"மசால் வடை," என்றார் பஞ்சலிங்கம், யோசிக்காமலே.

கனகராஜ் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் லூமுட்டிலிருந்து அருணன் என்று ஒருத்தர் வருவதாகப் பேச்சு. பயந்துபோன பஞ்சலிங்கம் லாபத்தையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு அடிமாட்டு விலைக்கு டெண்டர் போட்டார். அப்பவும் மனசு ஆறவில்லை. பாய் கடையிலிருந்தே அருணனுக்குப் போன் அடித்தார்.

"தம்பி, சங்கத்து ஆளுங்களுக்கு மதியம் காத்தாடிக்குக் கீழ தூக்கமாம். வேலை முடிஞ்சா, குடும்பத்தோட பங்கோர் தீவுக்கு நாமதான் கூட்டிப் போகணுமாம்."

அருணனும் கழன்றுகொண்டார். தனியாக நின்றவர் தன் அடிமாட்டு விலையிலேயே வென்றார்.

"யாருமே வரலன்னா விலையக் கூட்டிப் போட்டிருக்கலாமேங்க?" என்றார் அம்பிகை.

"இருக்கட்டும்லா. சங்கம் என்ன பெருசா கேட்டிடப் போகுது? குடிக்கத் தண்ணி, ஒதுங்கக் கொட்டகை. நான் பாத்துக்கிறேன்."

ஒப்பந்தம் பேசவும் பாய் கடைதான். சங்கச் செயலாளர் தினேஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மழைச் சம்பளம். வடையோடு தேத்தண்ணி. காத்தாடிக்குக் கீழே தூக்கம். பங்கோர்.

பஞ்சலிங்கத்தின் முகம் சிமெண்டு நிறத்துக்கு வந்தது. "எந்தக் குத்தகையாளர்ம்மா இதெல்லாம் குடுப்பாரு?"

"நீங்க குடுக்கிறதா கேள்விப்பட்டோம்ண்ணே. நாங்க தண்ணியும் கொட்டகையும்தான் கேக்கிறதா இருந்தோம். தங்கமான மனசுண்ணே உங்களுக்கு."

"யாரு சொன்னா?"

மசால் வடைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு இப்ராஹிம் பாய் சொன்னார்: "நான்தாண்ணே. வடை போட சங்கத்துல விலை கேட்டாங்க, என் ஒருத்தன் விலைதான் வந்திருக்கு. மத்த கடைக்காரங்ககிட்ட, உங்களப் பாத்து, நானும் ரெண்டு வார்த்தை சொல்லி வெச்சேன்லா."