பட்டுவின் மறைவு குறித்து மச்சானுக்கு

ஆவடி குவார்ட்டர்ஸ்

அன்புள்ள மச்சான் தேவராஜுக்கு, அப்பாவு எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா சுசீலாவும் சுகம். திருநின்றவூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். பட்டு செத்துப்போச்சு. போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அக்கா காதில் விழுந்தால் பாயசம் வைத்துவிடுவாள்.

பட்டு யாரென்று கேட்பாய். என் மகள் கவிப்பிரியா வளர்க்கிற டாரண்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர். கம்பெனி டிரெய்னிங்குக்கு ஹைதராபாத் போகும்போது, "அப்பா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று கண்ணாடிப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்தது இது ஒன்றுதான் மச்சான். உன் அக்காவோ அந்த அறையை வாசலில் நின்றபடியே பெருக்குகிறாள். நான்தான் கரப்பான் பிடித்துப் போட்டேன், தொடவில்லை. தயிர்சாதம்கூட வைத்தேன், ம்ஹூம், திரும்பியும் பார்க்கலை. என்னதான் கோபம் என்று மூடியைத் திறந்த நேரம் பார்த்து கவி போன் பண்றா. சிக்னல் விட்டு விட்டு வருது. "அப்பா... பட்டு... சட்டை... கழட்டணும்... தொடாதீங்க" என்கிறாள். நான் அப்போதுதான் வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பட்டுச் சட்டையோடு நிற்கிறேன். இது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது! பட்டுத்துணி சிலந்திக்கு ஆகாது போல என்று கழட்டி, பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மூடியை யார் நினைத்தது?

காலையில் பார்த்தால் பட்டு காலைச் சுருட்டிக்கொண்டு மல்லாக்கக் கிடக்குது. தூக்கினால் கனமே இல்லை. பட்டினி போட்டே கொன்னுட்டேன் மச்சான். முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அழுததை அக்காவிடம் சொல்லிவிடாதே.

கவியிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என் வாயால் முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு நீ இரவல் கேட்ட என் பட்டுச் சட்டையைப் பையில் சுருட்டிக் கட்டி, பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பாவு

பி.கு.: மனசு கேட்காமல் கவிக்கு நானே போன் போட்டு அழுதுவிட்டேன். சிரிக்கிறாள்! "அய்யோ அப்பா, நீங்க பொதச்சது அதோட சட்டை. பழைய தோலைக் கழட்டிப் போட்டிருக்கு. பட்டு அங்கதான் எங்கயாவது இருக்கும், தேடுங்க" என்கிறாள். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை. இப்போது ரசாக் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, உள்ள எதுனா உசுரு கீதா? நெளியுதே" என்கிறார். அவிழ்த்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கட்டியபடியே அனுப்புகிறேன். சட்டையை மட்டும் உதறிவிடாதே மச்சான், புதுத் தோலாம், அடிபட்டால் தாங்காதாம்.