நூற்றுப் பன்னிரண்டு சதவீத பம்ப்

ஒன்பதாம் எண் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில், தண்ணீர் பம்ப் ஒன்று நூற்றுப் பன்னிரண்டு சதவீதத் திறனுடன் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிய மின்சாரத்தைவிட அதிகமாக வேலை செய்யும் பம்ப். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பம்ப் குறைத்துக்கொள்வதாக இல்லை.

இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்றிருந்தது அவருக்கு.

மேஜைமேல் நாற்பத்தொரு திட்ட அறிக்கைகள். பாரபட்சம் வரக்கூடாதென்று முகப்புத் தாளைக் கிழித்து எண் மட்டும் ஒட்டியிருந்தார்கள். உள்ளே பேனா படக்கூடாது, மதிப்பெண் தனித்தாளில். பாதிக்கு மேல், ‘தண்ணீர் மனிதனுக்கு மிகவும் முக்கியம்’ என்று தொடங்கின. இருபத்தாறு வருடமாக இந்தச் செய்தியை அவர் வருடம் தவறாமல் அறிந்து வருகிறார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னார். “எல்லாமே ஏற்கனவே படிச்ச மாதிரி இருக்கு.”

“நீங்க பேசறதும் எனக்கு அப்படித்தான் இருக்கு. நான் அனுசரிச்சுப் போகலையா? பேசாம பாஸ் போட்டுட்டு வாங்க” என்றாள் மனைவி.

போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

மறுநாள் இழுப்பறையைக் குடைந்து, போன வருடம் திருத்தும்போது எழுதிவைத்த குறிப்பு நோட்டை எடுத்தார். ‘112 சதவீதம். பம்பா, பூதமா?’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ‘முடிவுரையை முடியுரை என்று எழுதியிருக்கிறான்’ என்றது இன்னொரு குறிப்பு. புரட்டிப் பார்த்தார். முடியுரை இருந்தது. நாற்பத்தொன்றும் நோட்டுக் குறிப்புகளோடு வரிக்கு வரி பொருந்தின.

துறைத்தலைவரிடம் ஓடினார்.

“எத்தனை பேர் காப்பி?”

“மொத்த வகுப்பும் சார்.”

“ஒருத்தர்கூடவா சொந்தமா எழுதலை?”

“எழுத்துப்பிழையைக்கூட சொந்தமா பண்ணலை சார்.”

இனி தலைவர் பாடு என்று நிம்மதியாக எழுந்தார். “உட்காருங்க” என்றார் தலைவர். “நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? விசாரணைக் குழு நீங்கதான்.”

“குழுன்னா, வேற யாரு?”

“நீங்கதான்.”

பேராசிரியர் வகுப்பில் போய் நின்றார். இல்லவே இல்லை என்று எல்லோரும் சாதிப்பார்கள், விவகாரம் விடுமுறைவரை இழுத்துத் தானாக அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

“போன வருஷ அறிக்கையைப் பார்த்து எழுதினது யாரு? எனக்கு எல்லாம் தெரியும்.”

முதல் பெஞ்சிலிருந்து வகுப்பின் முதல் மாணவி எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“எப்படி சார் அதுக்குள்ள தெரிஞ்சுது?”

“படிச்சேன்மா.”

“முழுசாவா?”

வகுப்பே அவரை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பெஞ்சுகள் காலியாகும்வரை எழுந்தார்கள். கடைசியில் நின்றவன், “இன்னிக்கு லீவு போட்டவனும்தான் சார்” என்றான்.

மாணவி அழ ஆரம்பித்தாள். “வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு சார். இதுல ஃபெயில்னா எல்லாம் போச்சு.”

ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தலைவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே மூன்று பத்தி. எல்லாவற்றிலும் ‘மண்ணிப்பு’.

“இதுக்கும் ஒரு விசாரணை வெச்சுடுங்க” என்றார் தலைவர். “நாற்பத்தொரு பேரும் அறிக்கையைப் புதுசா எழுதட்டும். நீங்க புதுசா திருத்துங்க.”

“நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?”

“படிச்சீங்களே.”

அவர் கண்விழித்து எழுதிய எட்டுப் பக்க விசாரணை அறிக்கையும் அன்று மாலையே திரும்பி வந்தது. அமைப்பு சரியில்லை, மேற்கோள் பட்டியல் இல்லை, மொழிநடை சுமார். சிவப்பு மையில் மதிப்பெண் போடாததுதான் குறை.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஹாஸ்டல் விசாரணை ஒண்ணு நடந்துச்சே” என்று தலைவர் ஒரு பழைய கோப்பை நீட்டினார். “அதைப் பார்த்து அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. யாரு படிக்கப் போறாங்க?”

பேராசிரியர் கோப்பை வாங்கிக்கொண்டார். மறுக்கக்கூடத் தெம்பில்லை. தன் அறைக்கு வந்து, கோப்பைப் பிரித்து, முதல் வரியைப் பார்த்து அப்படியே எழுதத் தொடங்கினார். மூன்றாவது பக்கத்தில் வெட்கமும் விட்டுப்போயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கைகளிலும் ஒரு பெரிய அறிக்கைக் கட்டைச் சுமந்தபடி அட்டெண்டர் அம்மா உள்ளே வந்தார்.

“ரூம் மாத்தும்போது உங்க மேஜைமேல வெச்சிருந்த போன வருஷ அறிக்கைக் கட்டை எடுத்துக்கட்டுமா சார்? இந்த வருஷத்துப் பிள்ளைங்களோடது இப்பத்தான் பைண்டிங்லேர்ந்து வந்துச்சு.”