பிளான் அப்ரூவலும் ஒரு பில்லர் குழியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அம்மா ஒரு விதமாகச் சொன்னார், அத்தை இன்னொரு விதமாகச் சொன்னார், அப்பா "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல" என்றார். மூன்றையும் ஒட்டவைத்து எழுதுகிறேன். மீதிப் பாதியில் நானும் இருந்தேன். அதுதான் பிரச்சினை.

வேலை இவ்வளவுதான். கடலூரில் எங்கள் மனையில் வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்க வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். முதுநகரில் வாடகை வீடு. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் முடிவாகி, தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்ரூவல் வந்தால்தான் லோன், லோன் வந்தால்தான் சுவர்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். பி.காம். அதனால் காகிதம் என்று எது வந்தாலும் என்னிடம் வந்துவிடும். "பாப்பா படிச்சிருக்குது, பாத்துக்கும்" என்பார் அப்பா. ஒரு ஃபார்ம் நிரப்பினாலே பாப்பாவுக்குக் கை வேர்க்கும் என்பது பாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

விண்ணப்பத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. மனையில் கட்டுமான வேலை எதுவும் தொடங்கவில்லை என்று. உடனே எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் வேலை பார்க்கும் சிதம்பரத்தில் இருந்து பஸ் ஏறி மனைக்கே போய், தொடங்கவில்லை என்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அங்கே முள்செடிகள் இருந்தன. அவற்றையும் சுற்றிப் பார்த்தேன்.

அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார் என்றார்கள். அவர் வருவதற்குள் வாஸ்து நாள் வந்துவிட்டது. பூஜையைத் தள்ளிப்போட அப்பா சம்மதிக்கவில்லை. "ஒரு செங்கல், ஒரு தேங்காய். அதோட நிறுத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். சிதம்பரத்தில் ஒரு மருந்து ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "இன்னைக்கு பதினோரு மணிக்கு சைட் பாக்க வர்றோம்மா."

முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் போன்.

"அம்மா, சைட்டு காலியாதான இருக்குது?"

"காலிதான். ஒரு சின்னப் பள்ளம் இருக்குது."

"என்னா பள்ளம்?"

"பூஜை முடிஞ்சதும் மேஸ்திரி, நல்ல நேரமும் இருக்குது, ஆளும் இருக்குது, ஒரே ஒரு பில்லர் குழி போட்டுடலாம்னாரு. அப்பாவும் சரின்ட்டாரு."

"எவ்ளோ ஆழம்?"

"உள்ள எறங்கி நின்னா மேஸ்திரிக்குத் தலப்பா மட்டும் தெரியுது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. காது அடைத்தால் சத்தமாகப் பேசுவேன் போலிருக்கிறது. "அவ்ளோ ஆழமா எதுக்கும்மா தோண்டுனீங்க? யார்னா பாத்தாங்களா? ஆபீசர் வர்றதுக்குள்ள மண்ணத் தள்ளி மூடிடுங்க. மாட்டுனா என் பேருதான் வரும்."

பக்கத்து சீட்டு அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். ஆலப்பாக்கத்தில் இடம் காலியானதும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இனி வருவது கேள்விப்பட்டது.

அப்பா குழியை மூடவில்லை. நல்ல நேரத்தில் தோண்டிய குழியைக் கையால் மூடினால் வீடு எப்படி எழும்பும் என்பது அவருடைய கேள்வி. அதனால் மேலே இரண்டு கீற்றைப் போட்டு மறைத்தார். கீற்று பறக்காமல் இருக்க ஒரு செங்கல் வைத்தார். அம்மா நேற்றைய பூஜை மாலையை எடுத்து அந்தச் செங்கலுக்குப் போட்டார். வெற்றுச் செங்கலாக இருந்தால் நன்றாக இல்லையாம்.

அதிகாரி வந்தார். கூட டேப் பிடிக்க ஒருவர். ரோட்டை அளந்தார்கள், மனையை அளந்தார்கள். அப்புறம் கீற்றைப் பார்த்தார்.

"இது என்னாங்க?"

"வெயிலுக்கு சார்" என்றார் அப்பா.

"யாருக்கு வெயிலு? தரைக்கா?"

அப்பா பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு ஆடு வந்தது. மாலையைப் பார்த்தது. கீற்றின் மேல் காலை வைத்தது. கீற்று உள்ளே போனது, மாலை போனது, ஆடும் போனது. அடியில் இருந்து கத்தல் மட்டும் வந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

அம்மா என்னைக் காப்பாற்ற முந்திக்கொண்டார். "தென்னங்கன்னு வெக்க சார்."

"தென்னமரமே வெக்கலாம் போலருக்குதே."

தெருமுனையில் இருந்து அப்போதுதான் வந்த அத்தைக்கு இது காதில் விழவில்லை. அவரும் என்னைக் காப்பாற்றினார். "பழைய கெணறு சார். ரொம்ப நாளா தூந்து கெடக்குது."

"கெணறா? கெணறுன்னா பிளான்ல காட்டிருக்கணுமே."

"கெணறெல்லாம் இல்ல சார்" என்றார் அப்பா. "எங்க அக்காவுக்குக் கண்ணு செரியாத் தெரியாது."

இதற்காக அத்தை அப்பாவிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த இடத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாப்பில் இருந்து ஓடிவந்ததில் மூச்சு இல்லை. குழிக்குள் அப்பா ஆட்டைப் பின்னால் இருந்து தூக்கிக்கொண்டிருந்தார். மேலே அதிகாரி மண்டியிட்டு அதன் முன்னங்கால்களை இழுத்துக்கொண்டிருந்தார். டேப்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஆரம்பித்தேன்.

"சார், அது பில்லர் குழி சார். நேத்து வாஸ்து நாள் சார். வேலை ஆரம்பிக்கலன்னு எழுதுனது நான்தான். எழுதுனப்ப ஆரம்பிக்கல, நேர்ல வந்து பாத்தேன். நேத்துதான் தோண்டிட்டாங்க. எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது சார், என்னா நடவடிக்கைன்னாலும் என் மேல எடுங்க."

"மொதல்ல ஆட்டப் புடிம்மா" என்றார் அதிகாரி.

பிடித்தேன். ஆடு வெளியே வந்தது. வாயில் பாதி மாலை இருந்தது.

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். "தென்னங்கன்னுன்றாங்க, கெணறுன்றாங்க, நீ பில்லருன்ற. நான் எத எழுதறது?"

"உண்மைய எழுதுங்க சார்."

குழிக்குள் அப்பா கண்ணை மூடிக்கொண்டது மேலிருந்து தெரிந்தது. எனக்கும் சொன்ன பிறகுதான் தை மாதம் ஞாபகம் வந்தது.

அதிகாரி டேப்பைச் சுருட்டச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பூஜை போட்டா தப்பு இல்லம்மா. குழிதான் தப்பு. இன்னைக்கே மூடிட்டு போட்டோ அனுப்பு. அப்ரூவல் வர்ற வரைக்கும் மண்ணுல கைய வெச்சீங்கன்னா ஃபைலத் திருப்பிடுவேன். அப்புறம் மொதல்ல இருந்துதான்."

அவர் போனதும் மூடுவது யார் என்று பேச்சு வந்தது. அப்பா மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்றார். மேஸ்திரிக்குப் போன் போட்டோம். "தோண்டுன கையால மூடுனா என் தொழிலுக்கு ஆவாதுங்க" என்று வைத்துவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆட்டைப் பார்த்தார்.

"மூடலன்னா அப்ரூவல் வராதுப்பா. தை மாசம் சாமான எங்க கொண்டு போய் வெப்ப?" என்றேன்.

அத்தைதான் வழி சொன்னார். "பாப்பா மூடட்டும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. அது மூடுனா தோஷம் இந்த வீட்ட ஒட்டாது."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. என்னைத் தவிர. நான் போகப்போகிற வீட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆபீஸ் சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பரம்பரையின் முதல் பட்டதாரி மண்ணைத் தள்ளினேன். மற்றவர்கள் வேப்பமர நிழலில் இருந்து மேற்பார்வை செய்தார்கள்.

"ஓரத்துல தள்ளு பாப்பா."

"மிதிச்சு விடு, மிதிச்சு விடு. இல்லன்னா மழைக்கு எறங்கிடும்."

"நல்லாத்தான் தள்ளுது. படிச்ச புள்ளன்னு சொல்ல முடியாது" என்றார் ஆட்டுக்காரர். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் வந்துவிட்டது. மூடிய இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சந்தேகம் வரக்கூடாது என்று நாலு பக்கமும் நின்று எடுத்து அனுப்பினேன். "ஒண்ணு போதும்மா" என்று பதில் வந்தது.

அப்ரூவல் வந்துவிட்டது. லோனும் வந்தது. மேஸ்திரி அதே இடத்தில் அதே குழியைத் தோண்டினார். இப்போது ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டம் வரை வந்திருக்கிறோம். தை மாதத்துக்குள் கூரை போட்டுவிடலாம் என்கிறார்.

போன வாரம் அத்தை மகன் தன் மனைக்கு அப்ளை பண்ணித் தரச் சொன்னான். இந்த முறை தப்பு நடக்கக்கூடாது என்று அப்ளை பண்ணும் இணையதளத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். சின்ன மனைகளுக்கு சுயசான்று என்று ஒரு வழி இருக்கிறது. நம் விவரங்களுக்கு நாமே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும், அப்ரூவல் உடனே வந்துவிடும். அதற்கு முன்னால் யாரும் நேரில் வந்து பார்க்க மாட்டார்கள். அதை நான் எங்கள் மனைக்கு விண்ணப்பித்த அன்றைக்கே பார்த்திருக்கிறேன். என் கையெழுத்தை நானே எப்படி நம்புவது என்று தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் மனை அந்த அளவுக்குள் வராது என்ற நம்பிக்கையில் பத்திரத்தை எடுத்துச் சரிபார்த்தேன். வருகிறது.