போன்கள் மட்டும் கிளம்பிப் போன முகாம்

காலை ஏழு பத்து. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மணலில் ஓடிவந்த ஒரு ஜோடி வெள்ளை ஷூ. அதற்கு மேலே நர்ஸ் சீருடை. அதற்கும் மேலே ஸ்டெல்லாவின் முகம். அவருக்குப் பின்னால், தார்ச்சாலை முடிகிற இடத்தில், ஐந்தாறு கார்கள் கதவு திறந்தபடி நின்றன.

"அண்ணே, எனக்க பிள்ள எங்க?"

நான் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றேன்.

கோடை முகாமை ஜனவரியில் நடத்தவேண்டிய ஊரில் நாங்கள் வாழ்கிறோம். துபாயை அடுத்த அஜ்மானில் எங்கள் கட்டிடத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை ஓர் இரவு காட்டில் தங்கவைப்பது என்று முடிவானபோது, பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காடு என்றால், மணலுக்கு நடுவே கொஞ்சம் காஃப் மரங்கள். (நம் ஊர் வன்னி மரம்தான். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் வரமாட்டார்கள்.)

என் அப்பாவின் ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. ஐம்பதுகளில், ஏற்காட்டு மரங்களுக்கிடையே, காக்கி அரைக்கால்சட்டை போட்ட பையன்கள் தகரத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அதே முகாமை இங்கே நடத்திவிடுவது என்று கிளம்பினேன். பர் துபாயில் அலைந்து தகரத் தட்டு வாங்கினேன். விசில் வாங்கினேன். வந்திறங்கியதும் எல்லோருடைய போனையும் ஒரு நீலப் பையில் சேகரித்தேன். துணைக்கு வந்த இரண்டு அப்பாக்களையும் விடவில்லை. கடைசியாக, எல்லோரும் பார்க்கும்படி, என் போனையும் உள்ளே போட்டேன். (கைதட்டலை எதிர்பார்த்தேன். வரவில்லை.) பை, நாங்கள் வந்த பஸ்ஸின் கடைசி இருக்கைக்கு அடியில் போனது.

ஸ்டெல்லாவின் மகன் ஜெரோம் மட்டும் தயங்கினான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நைட் டூட்டி. வார்டில் என்ன வேலை இருந்தாலும் இரவு பத்து மணிக்கு ஒரு நிமிடம் அவனைக் கூப்பிட்டுப் பேசுவார்.

"அம்மா கூப்பிடாம தூக்கம் வராது அங்கிள்."

"அந்தக் காலத்துப் பசங்கள்லாம் தூங்கலையா?" என்றேன்.

அவன் போனைக் கொடுத்தான். என் மகள் நிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

போன் கிடையாது என்றதற்குப் பெற்றோர் உடனே சம்மதித்ததை, என் மீதுள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒவ்வொருவர் கையிலும் வரைபடத்தில் அவரவர் பிள்ளையின் போன் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிள்ளை பேசாவிட்டால் என்ன, புள்ளி அசையாமல் இருந்தால் போதும்.

இரவுச் சாப்பாட்டின்போது டிரைவர் முருகேசன் என்னிடம் வந்து, "சார், விடியறதுக்கு முன்னாடி கிளம்பிருவேன். ஆளுகள ஏத்தி ஜெபல் அலி துறைமுகத்துல எறக்கிட்டு மத்தியானம் வந்துருவேன்" என்றார். அவருக்கு அதுதான் தினசரி டூட்டி.

"கலாஸ்" என்றேன் கம்பீரமாக. 'சரி, முடிந்தது' என்று அர்த்தம்; எனக்குத் தெரிந்த நாலு அரபி வார்த்தைகளில் அது ஒன்று.

விடியற்காலையில் எல்லாப் புள்ளிகளும் காட்டை விட்டு ஒன்றாகக் கிளம்பின. ஒரு தொழிலாளர் குடியிருப்பில் சற்று நின்றன. பிறகு துறைமுகத்தை நோக்கி விரைந்தன. வார்டில் இருந்த ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தார். மகனைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார். எல்லாம் ஒரே பையில் அடித்தன. டூட்டியை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பெற்றோர் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவந்தார். 'பிள்ளைகளக் கப்பலுக்குக் கொண்டு போறானுவ.' வீட்டில் இருந்த அப்பாக்களில் இருவர் பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறிப் பார்த்தபோது, உள்ளே ஒரு பஸ் நிறைய ஆட்கள் சைட்டுக்குப் போகும் வழியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற பெற்றோர் நேரே என்னிடம் வந்துவிட்டார்கள்.

நான் மரத்தடியைக் காட்டினேன். ஜெரோம் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா அவன் மூச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"சத்தம் போடாதிய. அவன் உறங்கட்டு" என்றார். பிறகு, "ராத்திரி எப்ப உறங்குனான்?"

எனக்குத் தெரியாது. பொறுப்பாளர் எல்லோருக்கும் முன்னால் தூங்கியிருந்தார்.

"பத்து மணிக்கு ஆன்ட்டி" என்றாள் நிலா. "நாங்கதான் கூப்பிட்டோம். தட்டக் காதுல வச்சுக்கிட்டு, உங்கள மாதிரியே. என்ன கேக்கணும்னு அவனே சொல்லிக் குடுத்தான். சாப்பிட்டியா, ஜெபம் பண்ணியா, ஏசியக் கொறச்சியா. மரத்துல ஏசி இல்லம்மான்னு சிரிச்சான். அப்பறம் தூங்கிட்டான்."

ஸ்டெல்லா மரத்தில் சாய்ந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திட்ட வந்தவர்கள் திட்டத் தொடங்கித் திரும்பிப் பார்த்தபோது, ஷூவைக் கூடக் கழற்றாமல் அவர் தூங்கிப்போயிருந்தார். அதனால் மீதியைக் கிசுகிசுப்பாகத் திட்டினார்கள். அப்படி வாங்கிய திட்டில் ஒரு சொல்கூட மறப்பதில்லை.

இன்றும் நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலா கேட்பாள்: "அப்பா, நீங்களும் போறீங்களா, இல்ல போன் மட்டும் போகுதா?"

அன்று அந்தக் கிசுகிசுப்பில் ஜெரோம் எழுந்தான். தன் கம்பளியை எடுத்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, தகரத் தட்டோடு காலைச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றான். நான் விசில் ஊதவில்லை.

ஸ்டெல்லா பத்தரை மணி வரை தூங்கினார்.