கண்ணாடிக்கடைக்காரர் நிறுத்திய போர்

"அப்பா, நான் ராணுவத்துல சேரப் போறேன்."

மகள் சொன்னதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட அம்மாவைக் கூப்பிடும் பெண். இந்த வருஷம்தான் கல்லூரியில் கால் வைத்திருந்தாள்.

"எல்லாம் அந்தத் துப்பாக்கி விளையாட்டு பண்ற வேலை," என்றாள் மனைவி.

அவர் அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்துப் பூட்டினார். பொழுது போகாத மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி விவாதம் பார்க்க ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில், "எல்லையைத் தாண்டி அடிச்சாத்தாம்பா அவனுங்களுக்குப் புத்தி வரும்," என்றாள்.

போன மாதம் இதையே அவர் சொன்னபோது இவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை.

டிவி ஒயரைப் பிடுங்கினார். அவள் பொதுக்கூட்டத்துக்கே போய்விட்டாள். கையில் கொடியும் கட்டிப்போன தொண்டையுமாகத் திரும்பியவள், ராணுவத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று என்று சைகையிலேயே சொன்னாள்.

"பேசாம அந்தப் பெட்டியையே கொண்டாந்து குடுத்துடுங்க," என்றாள் மனைவி. "அதுல செத்தா சாப்பிடவாவது எழுந்து வருவா."

கொண்டுவந்தார். சண்டை என்றால் என்னவென்று மகளுக்குப் புரியவைக்கத் தானும் கூடவே உட்கார்ந்து ஆடினார். முதல் ஆட்டத்தில் சொந்த வெடிகுண்டிலேயே செத்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்கும் ஒரு பெட்டி வாங்கிப் போட்டார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் வெளியே எழுத்துப் பலகையைப் பார்த்தபடி காத்திருக்க, உள்ளறையில் அவர் எதிரியின் பாலம் ஒன்றைக் கைப்பற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மகள்தான் கையிலிருந்த ஆட்டக் கருவியைக் கீழே வைத்தாள்.

"நீங்க பாட்டுக்குச் சுட்டுக்கிட்டே போறீங்க. நான் பின்னாலயே வந்து செத்துக்கிட்டே இருக்கேன். எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுப்பா. ஒழுங்காப் படிக்கிறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. மனைவி அவரைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமாகி இப்போதுதான் அப்படிப் பார்க்கிறாள்.

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. சீருடையில் ஒரு பெண் அதிகாரி.

"மன்னிக்கணும் மேடம்," என்று அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "எம்பொண்ணு மனசு மாறிட்டா. நான் அனுப்புறதா இல்ல."

"அவங்க ரொம்ப சுமார் சார், நாங்களே வேண்டாம்னுட்டோம்," என்றார் அதிகாரி. "அந்த விளையாட்டை நடத்துறதே எங்க இலாகாதான், இப்ப வயசு வரம்பும் இல்ல, நாங்க உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."