மச்சானின் ஆள்காட்டி விரல்

கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, சந்தேகம் வந்து திரும்பி, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற ஆசாமிகளை உங்களுக்குத் தெரியும். அந்த வம்சம் அழிந்துவிட்டது என்றா நினைத்தீர்கள்? கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்த ரகத்துக்குப் பூட்டரசர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தெருவுக்கு ஒருவராவது தேறுவார். நாம் பார்க்கப்போகிறவர் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர்.

"பாஸ்வேர்டா? அதெல்லாம் அந்தக் காலம்" என்பார் இவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும். எந்தப் பாஸ்வேர்டும் மூன்று நாளைக்கு மேல் தம் மண்டையில் தங்கியதில்லை என்கிற உண்மையை மட்டும் சொல்லமாட்டார்.

முதலில் படப் பூட்டு வைத்தார். திரையில் குடும்பப் படம். மனைவியின் மூக்கைச் சுற்றி ஒரு வட்டம், மகளின் காதிலிருந்து தம் மீசைக்கு ஒரு கோடு இழுத்தால் திறக்கும். ஒரே வாரத்தில் அந்த மூக்கைச் சுற்றி விரல் பிசுக்கு வளையமாகப் பளபளத்தது. அதைப் பார்த்தே மகள் திறந்துவிட்டாள். அடுத்தது, செல்போன் பக்கத்தில் இருந்தால் திறந்துகொள்ளும், விலகினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. மனைவி அந்தப் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் மாடிக்கும் நடக்க நடக்க, இங்கே பாதிச் சுவர் வரைவதற்குள் திரை இருண்டுபோகும். "போனைக் கொண்டு வா!" என்று அவர் போடும் சத்தத்தில் வரையாத சுவரும் அதிரும்.

கடைசியில் முகமும் விரலும்தான் சரி என்று முடிவானது. பத்து விரலையும் பதியலாம் என்றது இயந்திரம். பதிவாரா? "பத்து விரல் கொடுத்தா பத்து வாசல்" என்று வலது ஆள்காட்டி விரலை மட்டும் கொடுத்தார். ஆத்திர அவசரத்துக்கு வேறொருவர் விரலும் வேண்டுமே! "என் விரலை வெச்சுக்குங்க" என்றாள் மனைவி. "மாத்துச் சாவியை யாராவது வீட்டுக்குள்ளயே வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மச்சானை, அதாவது மனைவியின் அண்ணனை, வரவழைத்து அவர் விரலைப் பதிந்தார். ரகசிய எண் ஒன்றும் வைத்தே தீரவேண்டும் என்று இயந்திரம் அடம்பிடித்தது. ஒரு சீட்டில் கண்டபடி எட்டு எண் எழுதி, இரண்டு தரம் தட்டி, சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தார். எனக்கே தெரியாததை எவன் என்னிடம் திருடுவான் என்பது அவர் கணக்கு. அறிவு என்றால் இதுதான் அறிவு!

அப்புறம்தான் இருவருக்கும் ஒரு சண்டை வந்தது. மச்சானின் புது வீட்டுக்கு வரைபடம் போட்டவர் இவரே. வீடு பார்க்க வந்த நாற்பது பேர் நடுவில் மச்சான் குளியலறைக் கதவைத் திறந்தார்; அது கைகழுவும் தொட்டியில் போய் 'டங்' என்று முட்டியது. "இது நம்ம மாப்பிள்ளையோட கைவண்ணம்" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அறுந்த பேச்சு, எட்டு மாதமாக ஒட்டவில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். ஓவியக் கல்லூரியில் சேர மகள் நாற்பது படம் அனுப்பவேண்டும். அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. ஒரு வருஷ உழைப்பு முழுவதும் அப்பாவின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. தினமும் கஜானா திறப்பதுபோல் விரல் வைத்துத் திறந்துவிட்டுப் போவார். நகல் எடுக்க விடவில்லை. நகல் ஊர் சுற்றுமாம்.

முந்தின நாள்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. இடது கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. இயந்திரம் முகத்தைப் பார்த்துவிட்டு, 'தாங்கள் யார்?' என்கிற தோரணையில் சும்மா இருந்தது. கன்னத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். கை முகத்தை மறைத்தது. சரி, விரல்? அன்று காலைதான் புதிதாக வந்த பூட்டுக் கருவியின் பெட்டியைப் பிளேடால் பிரிக்கப்போய், அதே ஆள்காட்டி விரலை ஆழமாக அறுத்துக்கொண்டு மூன்று தையல் போட்டு வந்திருந்தார். பூட்டு வாங்கப்போய்ச் சாவியை வெட்டிக்கொண்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

மணி மூன்றரை.

"அப்பா, அந்த நம்பரு?" என்றாள் மகள்.

"அது எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப மாமாவைக் கூப்பிடுங்க."

"அவன் வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி மட்டும், "உங்க ரோஷம் அவ படிப்பைவிடப் பெரிசுன்னா, உக்காந்திருங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம் என்றால், பிடுங்கிய இடம் அதற்கும் விடவில்லை. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கடை வாசலில் வீங்கிய கன்னத்தோடும் கட்டுப்போட்ட விரலோடும் வந்து நின்றவரைப் பார்த்து மச்சான் பதறிப்போனார்.

"யாரு மாப்பிள்ளை அடிச்சது?"

"யாரும் அடிக்கல. உங்க விரல் வேணும்."

மச்சான் கடையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். வழி நெடுக நலம் விசாரித்துக்கொண்டே வந்தார். பாதித் தூரத்தில் பூட்டரசருக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. நேற்று பல்வலி தாங்காமல், வலிக்கு மருந்தாக அவர் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்த பக்கம் அப்படியே திரையில் இருக்கிறது! தலைப்பு: 'மச்சான் எனக்குச் செய்த துரோகங்கள்'. மொத்தம் இருபத்துமூன்று.

"மச்சான், விரலை வெச்சிட்டு உடனே கண்ணை மூடிக்கணும்."

"எதுக்கு?"

"பாதுகாப்பு."

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை மூடுவாரா? விரல் பட்டதும் திரை பளிச்சென்று விழித்தது. மூன்றடி தள்ளி நின்றபடியே ஒன்று விடாமல் படித்தார். மகள் எட்டி அந்தப் பக்கத்தை மூடினாள். படங்களை ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினாள். நாற்பதாவது போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. "போயிடுச்சு!" என்று அவள் மாமாவைக் கட்டிக்கொண்டாள். பூட்டரசர் சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலாவது தப்பு மாப்பிள்ளை. ஏணியை நான் அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார் மச்சான். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்: "இருபத்துமூணு எழுத நேரம் இருந்திச்சே, என் விரலை அழிக்க ஒரு நிமிஷம் கிடைக்கலியா?"

பூட்டரசருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதை எப்படி அழிக்கிறதுன்னு தெரியல" என்றார்.

பச்சைப் பொய். அழிக்கும் பக்கம் வரை இரண்டு முறை போய், மனசு வராமல் திரும்பி வந்திருக்கிறார்.

என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் எதைக் காட்டினால் திறக்கிறது? அன்றைக்கு வேண்டாவெறுப்பாக ஒரு எண்ணைத் தட்டினீர்களே, அது என்ன எண்? அதெல்லாம் கிடக்கட்டும். நாளைக்கு உங்கள் கன்னமும் வீங்கி விரலும் அறுந்தால், யார் வாசலில் போய் நிற்பீர்கள்? ஒருவர் முகம் ஞாபகம் வருகிறதல்லவா? அவரோடு இப்போது பேச்சு வார்த்தை உண்டா?